ரெண்டாயிரத்தில் பாதி

எங்கள் நிலம் என்று சொல்லித்தான் பழக்கம். உண்மையில் அது எங்களுடையது இல்லை. வடக்கனந்தலுக்குத் தெற்கே ஓடையை ஒட்டி இரண்டேகால் ஏக்கர், ஒரு கிணறு, வரப்போரம் சில பனைகள். பட்டா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பேரில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா அதை வாரத்துக்கு எடுத்துவிட்டார். வாரத்துக்கு எடுப்பதில் எழுத்து ஏதும் கிடையாது. விதையும் உரமும் ஆளுக்குப் பாதி, பாடு எங்களுடையது, விளைவதில் ஆளுக்குப் பாதி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அப்பா அந்தப் பாதியை ஒரு விரதம்போலக் காப்பாற்றினார். களத்தில் நெல்லை மூட்டை பிடித்து, அவருக்கு ஒன்று நமக்கு ஒன்று என்று இரண்டு வரிசையாக அடுக்குவார். கடைசியில் ஒற்றை மூட்டை மிஞ்சினால் அவிழ்த்துப் படியால் அளப்பார். வைக்கோலுக்கும் அதே கணக்கு. காற்றில் பனை விழுந்த வருஷம் விறகையும் பிரித்தார். வரப்பில் யாரும் போடாமல் தானாக முளைத்துப் படர்ந்த பரங்கிக்கொடியில் காய் காய்த்தால்கூட, அதை நடுவில் பிளந்து ஒரு பாதியை மஞ்சள் பையில் போட்டு, சைக்கிளில் மாட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போவார். இரண்டு துண்டில் எது பெரியது என்று பார்த்துப் பெரியதைத்தான் பையில் போடுவார்.

அம்மாவுக்கு இது பொறுக்காது. ஒருமுறை ஓடையில் நண்டு பிடித்துக்கொண்டு வந்தவரிடம், “இதுல எத்தினி காலு உனுக்கு, எத்தினி காலு வாத்தியாருக்கு?” என்று கேட்டாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓடை பொறம்போக்குதான், அது வாரத்தில் வராது என்றார். கிண்டலுக்குக்கூட அவர் நேரான பதில்தான் சொல்வார்.

ஊரடங்கு வந்தபோது நான் விழுப்புரத்தில் கல்லூரியில் இருந்தேன். விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது முக்கால் ஏக்கர் கத்திரி காய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வாங்க ஆளில்லை. லாரி வரவில்லை, கமிஷன் மண்டி திறக்கவில்லை. சில நாள் மொபெட்டில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்களில் கூவி விற்றோம். அங்கேயும் போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிறகு காயைப் பறித்து ஆட்டுக்குப் போட்டோம். மிச்ச நிலத்தில் மரவள்ளி முற்றி நின்றது. ஜவ்வரிசி ஆலைகள் மூடிக் கிடந்ததால் அதைப் பிடுங்க முடியவில்லை. மண்ணுக்குள் இருக்கிறவரை கெடாது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வாத்தியாருக்குக் கொடுக்க அந்தப் போகத்தில் ஒன்றும் இல்லை என்பது அவரை அரித்தது. கடைவீதியில் வாத்தியாரைப் பார்த்தால் வேறு பக்கமாகப் போய்விடுவார்.

அந்த நேரத்தில்தான் விவசாயிகளுக்கு அரசு ரெண்டாயிரம் ரூபாய் கணக்கில் போடுகிறது என்று செய்தி வந்தது. அது முன்பே இருந்த திட்டத்தின் தவணைதான், கஷ்டகாலம் என்று முன்கூட்டியே அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஊரில் அதற்குப் பேர் கொரோனா காசு. பதியாதவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று யாரோ சொல்ல, எங்கள் தெருவே கிளம்பிக் கணினி மையத்துக்குப் போனது. அப்பாவும் போனார். எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் கிணற்றில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மையத்துக்காரர் அப்பாவிடம் இரண்டே கேள்வி கேட்டிருக்கிறார். பயிர் வைக்கிறீங்களா? வைக்கிறேன். நிலத்து நம்பர் இருக்கா? இருக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்காக வாத்தியார் தன் சிட்டாவின் நகல் ஒன்றை அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்தார். அப்பா அதை நீட்டினார். அது யார் பேரில் இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அப்பா சொன்ன இரண்டும் உண்மைதான்.

சில வாரம் கழித்து அவருடைய செல்லில் வங்கிச் செய்தி வந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்துச் சொன்னேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், எந்த சாமியை என்று தெரியவில்லை. மளிகைக் கடைக்குப் பாக்கி இருந்தது, மாட்டுக்குத் தீவனம் இல்லை. அப்பா மட்டும், “இதுல பாதி வாத்தியாருது” என்றார்.

இது விளைச்சல் இல்லை, அரசாங்கம் ஆளுக்குக் கொடுக்கிற உதவி என்று நான் விளக்கினேன். கல்லூரியில் கற்றுக்கொண்ட எல்லாப் பொறுமையோடும் விளக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“அந்த நெலத்து நம்பர வெச்சிதான வந்துது? வெளைஞ்சத விக்க முடியலன்னுதான குடுக்கறாங்க? வித்திருந்தா பாதி அவுருக்குப் போயிருக்குமா இல்லியா?”

அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். “யாரும் கேக்காத காச எடுத்துகினு போயி நீட்டப் போற. உன் யோக்கியத்த நாலு பேருக்குக் காட்டலன்னா உனுக்கு சோறு எறங்காது.”

நானும் அப்பாவும் வாத்தியார் வீட்டுக்கு மொபெட்டில் போனோம். வாத்தியார் முகக்கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மேசையில் அவருடைய மகன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். சென்னையில் கம்பெனி வேலை, அந்தச் சமயம் வீட்டிலிருந்தே பார்த்தார். அப்பா இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை முக்காலியில் வைத்து விவரத்தைச் சொன்னார். வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார்.

“இன்னாப்பா இது, பரங்கிக்கா பொளந்துகினு வர்ற மாதிரி இதையும் பொளந்துகினு வந்துட்ட?”

அப்பாவும் சிரித்தார். அரசாங்கப் பென்ஷன் வாங்குவதால் தனக்கு இந்தப் பணம் கிடையாது என்று வாத்தியார் சொன்னார். நான் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலம் வைத்திருப்பவருக்குப் பென்ஷன் இருப்பதால் கிடையாது. பயிர் வைப்பவருக்குத் தன் பேரில் நிலம் இல்லாததால் விதிப்படி கிடையாது. அந்த இரண்டேகால் ஏக்கரும் பச்சைப் பசேல் என்று நிற்கிறது, அதற்கு உரிய விவசாயி என்று ஒருவருமே இல்லை.

வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாத்தியார் பணத்தை எடுத்துக்கொண்டார். எடுக்காவிட்டால் அப்பா மனசு சுருங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அப்போது மகன் எழுந்து வந்து, “எங்க சிட்டா நம்பர் எப்டிண்ணே உங்க பேருல ஏறுச்சு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அப்பா நடந்ததைச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி போய் மடிக்கணினி முன் உட்கார்ந்தார், ஆனால் திரையைப் பார்க்கவில்லை. வரும் வழியில் அப்பாவுக்கு மனசு லேசாக இருந்தது. எனக்கு இல்லை.

ஆலைகள் மெல்லத் திறந்ததும் மரவள்ளி பிடுங்கினோம். விலை மட்டம்தான், ஆனாலும் போனது. எடை போடும் இடத்துக்கு வாத்தியார் வந்திருந்தார். பாதிப் பணத்தை வாங்கிப் பையில் வைத்த பிறகு, கிழங்கு லாரியைப் பார்த்துக்கொண்டே, இந்த வெள்ளாமையோடு நிறுத்திக்கொள்ளலாம், அடுத்த போகம் நிலம் சும்மா கிடக்கட்டும் என்று பையன் சொல்கிறான் என்றார். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் இதைச் சொன்னார். அம்மா அன்றைக்குத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்களுக்கு வேறு நிலம் இல்லை. என் கல்லூரிக் கட்டணம், இரண்டு மாடு, சாப்பாட்டு நெல், எல்லாம் அந்த ஓடைக்கரையில் இருந்துதான். அது போனால் அப்பா கூலிக்குப் போகவேண்டும். ஐம்பது வயதுக்கு மேல், நேற்றுவரை பக்கத்து நிலத்துக்காரராக இருந்தவரிடமே போய் நிற்கவேண்டும்.

நான் வாத்தியார் மகனை வழியில் நிறுத்திக் கேட்டேன். அவர் தட்டிக்கழிக்காமல் சொன்னார். “உங்கப்பா மேல சந்தேகம் இல்ல தம்பி. நாளைக்கு நானும் என் தங்கச்சியும் பாகம் பிரிக்கறப்போ, இந்த நம்பர்ல வேற ஒருத்தர் பேரு எப்டி வந்துதுன்னு மாப்ள கேப்பாரு. கேஸு கீஸுன்னு போனா இருவது வருஷம். என் கூட வேல பாக்கறவன் வூட்ல அப்டிதான் நடந்துகினு இருக்கு.”

பணத்தைச் சத்தமில்லாமல் சாப்பிட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது. ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் சாப்பிட்டார்கள். பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்ததால்தான் நிலம் போகிறது. இதை அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்பா மறுக்கவில்லை.

எனக்கு வேறு யோசனை இருந்தது. உழுகிறவர் தன்னைக் குத்தகைதாரராகப் பதிந்துகொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று படித்திருந்தேன். பதிந்துவிட்டால் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. இத்தனை வருஷம் பயிர் வைத்ததற்குச் சாட்சி சொல்ல ஊரே இருக்கிறது. மனு எழுதுகிறேன் என்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவுரு எதுக்கு பயப்படறாரோ அதையே பண்ணலாம்ங்கற.”

“நம்ம உரிமைப்பா அது.”

“இருக்கலாம். எழுதிட்டு அப்புறம் பரங்கிக்காய எந்த மூஞ்ச வெச்சிகினு எடுத்துகினு போறது?”

அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னதையும் தள்ள முடியவில்லை.

அடுத்த போகத்துக்கு நிலமே இல்லாத நிலையில், ஒருநாள் விடிந்ததும் அப்பா மொபெட்டை எடுத்து, மலைக்குப் போகலாம் வா என்றார். எப்போதும் மரவள்ளிக் குச்சி கல்வராயன் மலையில் இருந்துதான் எடுத்து வருவோம். வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு சிற்றூரில் அப்பாவுக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார். மலைக் குச்சியை நட்டால் முளைப்பு நன்றாக இருக்கும் என்பது அப்பாவின் நம்பிக்கை. நிலம் இல்லாமல் குச்சி எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறும்போது நான் இறங்கி நடந்தேன்.

அந்த மலைக்காரர் எங்கள் கதையைக் குச்சி வெட்டிக்கொண்டே கேட்டார். அவருடைய பாட்டனார் திருத்திய காடு அது. சாமையும் மரவள்ளியும் போடுகிறார்கள். இன்னும் பட்டா வரவில்லை. அதனால் ரெண்டாயிரத்துக்கு அவர் எழுதிப்போடவே இல்லை.

“உனுக்கு காசு கையிலயாவது வந்துது. எனுக்கு அது எந்த கலர்ல இருக்கும்னே தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார். குச்சிக்குக் காசு வாங்கவில்லை, நட்டுவிட்டு வந்து கொடு என்றார். எங்கே நடுவது என்று அவரும் கேட்கவில்லை. அப்பா குச்சிக்கட்டைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் புளியமர நிழலில் நிறுத்தி, அடியில் ஈரச் சாக்கைச் சுற்றினார். தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் தெளித்தார்.

பிறகு ஊரெல்லாம் ஒரே பேச்சாகிவிட்டது. நிலம் இல்லாதவர்கள் ஏராளமானோர் பணம் வாங்கிவிட்டார்கள், திருப்பிக் கட்டவேண்டும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கட்டாவிட்டால் வழக்கு என்றும், கணக்கை முடக்குவார்கள் என்றும் ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்பா அன்றைக்கே மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டுக் காசையும் சேர்த்து ரெண்டாயிரத்தை முழுசாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வாத்தியாரிடம் இருக்கிறதே என்றேன். அதைக் கேட்கமாட்டேன் என்றார்.

வேளாண்மை அலுவலகத்தில் வேப்பமரத்தடிவரை வரிசை நின்றது. பெரும்பாலும் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள். பணத்தோடு ஒரு வாக்குமூலமும் எழுதித் தரவேண்டும். மாதிரி ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். என் கையில் பேனாவைப் பார்த்ததும் ஆளாளுக்கு வெள்ளைத்தாளோடு வந்துவிட்டார்கள். ஒரு திண்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எனக்குச் சொந்தமாக விவசாய நிலம் ஏதும் இல்லை. நான் விவசாயி அல்ல. தவறுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்துகிறேன்.

நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்ன ஓர் அம்மாள், இரண்டாவது வரியில் நிறுத்தினாள். “நான் வெவசாயி இல்லன்னா, நட்டு நட்டு ஒடஞ்சி போச்சே இந்த இடுப்பு, இது யாரு இடுப்புன்னு உள்ள இருக்கற அந்த மேடத்த கேட்டுகினு வா” என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தாள்.

கடைசியாக அப்பாவுக்கு எழுதினேன். முதல் வரி எழுதிவிட்டு என் கை நின்றது. உள்ளே போய் மேசையில் இருந்த பெண் அதிகாரியிடம், இரண்டாவது வரி இல்லாமல் கொடுக்கலாமா என்று கேட்டேன். காலையில் இருந்து எழுந்திருக்காத களைப்பு அவர் முகத்தில் இருந்தது. நிலம் இல்லை என்று இருந்தால் போதும், அந்த வரி வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றார். சந்தோஷமாக வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தன் பேரை எழுதவும், கொஞ்சம் எழுத்துக்கூட்டவும்தான் தெரியும். மரத்தடியில் நின்றபடியே தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எழுது” என்றார்.

“அதான் வேணாம்னுட்டாங்களேப்பா.”

“இருக்கட்டும், எழுது. அந்த நெலத்து நம்பர போட்டு, அது வாத்தியாருதுன்னும் எழுது. எழுதிட்டு ரெண்டு ஜெராக்ஸ் எடு.”

எழுதினேன். என் அப்பா விவசாயி அல்ல என்று என் கையெழுத்தில் எழுதினேன். பள்ளிக்கூடம் போனதற்கு இந்த வேலையும் என் பங்கில் வந்தது. அவர் கீழே ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பணத்தைக் கட்டினோம். ஜெராக்ஸ் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஊருக்குள் வந்ததும் வண்டியை வாத்தியார் தெருவுக்குத் திருப்பச் சொன்னார், அப்போது புரிந்தது.

வாத்தியார் மகன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு நகலை நீட்டினார்.

“தம்பி, அது உங்க நெலம், எனுக்கு நெலம் இல்ல, நான் வெவசாயியே இல்லன்னு கவர்மெண்டுக்கே எழுதிக் குடுத்துட்டேன். என் கையெழுத்து இருக்கு. உங்க மாப்ள கேட்டா இத காட்டு.”

அவர் இரண்டு தடவை படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார், எழுத்து யாருடையது என்று தெரிந்திருக்கவேண்டும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “போதும்ணே. நீங்களே பயிர் வைங்க” என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது என்று நினைக்கிறேன். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

வாத்தியார் இதையெல்லாம் நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய் அந்த இரண்டு ஐந்நூறு தாள்களைக் கொண்டுவந்தார். “முழுசா நீயே கட்டிட்டு வந்திருக்க. நட்டத்துலயும் பாதி உண்டுல்லப்பா” என்று அப்பாவின் கையில் வைத்தார். அப்பா வாங்கிக்கொண்டார்.

குச்சிகள் கணு விட்டு முளைக்க ஆரம்பித்திருந்தன. மறுநாளே ஏர் ஓட்டினோம். மலைப்பக்கம் கருத்து, மழை ஓடைவரை வந்து இறங்கிய வாரத்தில் நட்டு முடித்தோம். மலைக்காரருக்கு அப்பா குச்சிக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாரம் பழையபடி நடக்கிறது. அடுத்த வருஷக் கிழங்குப் பணத்தைப் பாதியாகப் பிரித்தோம், வைக்கோலைப் பிரித்தோம். அப்பா ஒரு படி குறைக்கவும் இல்லை, ஒரு படி கூட்டவும் இல்லை. மூலத்தாள் அரசாங்கத்திடம் போய்விட்டது. ஒரு நகல் வாத்தியார் வீட்டில் இருக்கிறது. இன்னொன்று எங்கள் வீட்டுப் பரணில் சிட்டா இருந்த பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. சிட்டா நகலை அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாறியது ஒன்றுதான். அந்த வருஷம் தைக்குப் பிறகு கிழக்கு வரப்பில் மறுபடி ஒரு பரங்கிக்கொடி தானாகப் படர்ந்து, ஒரே ஒரு காய் காய்த்தது. சாம்பல் பூத்து முற்றிய பெரிய காய். அப்பா அதை அறுத்து, தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா முன்னால் இறக்கினார். அம்மா வழக்கம்போல அரிவாளையும், வாத்தியார் வீட்டுக்குப் போகும் மஞ்சள் பையையும் எடுத்து வைத்தாள். அப்பா பையை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அம்மா காயையும் ஆணியில் தொங்கிய பையையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக இதற்குத்தானே சண்டை போட்டாள், ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அரிவாளை எடுத்துக் காயை நறுக்க ஆரம்பித்தாள். பெரிய காய் என்பதால் குழம்பும் பொரியலுமாக நாலைந்து நாள் ஓடியது. கடைசி நாள் அம்மா மறுபடி அதையே பரிமாறியபோது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, “ஜாஸ்தியா இருக்குதில்ல” என்றார்.

அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள்.